பன்னிரண்டு உதவித்தொகை, இருபது வீராங்கனைகள்

1979ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மகளிர் கூடைப்பந்து அணியினர், தாம் படித்துக்கொண்டிருந்த பல்கலைக்கழகத்தின் மீதே வழக்குத் தொடர்ந்தனர். அவ்வழக்கு அணித் தலைவி கரோல் ஹட்சின்ஸின் பெயரைத் தாங்கியது. வெளியூர் ஆட்டங்களுக்குச் செல்லும்போது ஆண்கள் அணிக்குக் கிடைக்கும் சாப்பாட்டுப் படியும் தங்கும் அறையும் பயண வசதியும் தங்களுக்கு ஏன் இல்லை என்பதே கேள்வி. அதே ஆண்டு மார்ச்சில் அதே பல்கலைக்கழகத்தின் ஆண்கள் அணி, மேஜிக் ஜான்சனின் தலைமையில், தேசியப் பட்டத்தை வென்றது. அமெரிக்க விளையாட்டு ரசிகர்களின் நினைவில் 1979 என்பது அந்த வெற்றியின் ஆண்டு. வழக்கைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. வழக்கோ பல ஆண்டுகள் நீண்டது. அதில் ஒரு தீர்ப்பு 1984இல் பதிவாயிற்று. அதற்குள் வாதி படிப்பை முடித்து, இந்தியானா பல்கலைக்கழகத்தில் முதுகலையும் முடித்து, பயிற்சியாளராகிவிட்டிருந்தார்.

ஹட்சின்ஸ் கூடைப்பந்தோடு சாஃப்ட்பாலும் ஆடியவர். 1976இல் தேசியப் பட்டம் வென்ற மிச்சிகன் மாநில அணியில் இருந்தவர். 1985இல் அண்டைப் போட்டியாளரான மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் (இவ்விரண்டும் வெவ்வேறு நிறுவனங்கள்) சாஃப்ட்பால் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரானார். 2022இல் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 1,707 வெற்றிகள் இருந்தன. கல்லூரி சாஃப்ட்பாலில் அதுவரை எவரும் தொடாத எண்ணிக்கை அது. 2005இல் அவரது அணி தேசியப் பட்டத்தை வென்றது. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கேயுள்ள ஒரு பல்கலைக்கழகம் என்.சி.ஏ.ஏ. சாஃப்ட்பால் பட்டத்தை வென்றது அதுவே முதன்முறை. ஆயினும் அவரது முப்பத்தெட்டுப் பருவங்களை வெற்றி எண்ணிக்கையாக மட்டும் படிப்பது போதாது. ஒரு மகளிர் கல்லூரி அணிக்கு ஆளும் பணமும் நேரமும் எங்கிருந்து வருகின்றன, வராதபோது பற்றாக்குறையை யார் சுமக்கிறார்கள் என்பதை அறிய அவற்றைவிட நல்ல ஆவணம் கிடைப்பது அரிது.

இங்கே பலருக்கு இந்த ஆட்டமே அறிமுகமில்லாமல் இருக்கலாம். 1887இல் சிகாகோவில், ஒரு படகுக் குழாமின் அரங்குக்குள், குத்துச்சண்டைக் கையுறையொன்றைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கி ஆடியதிலிருந்து பிறந்தது சாஃப்ட்பால். பேஸ்பாலின் உறவு, மைதானம் சிறியது, பந்து பெரியது, பந்தைக் கையைக் கீழிருந்து சுழற்றி வீசுவார்கள். பெயரில் இருக்கும் மென்மை பந்தில் இல்லை. இன்று அமெரிக்கக் கல்லூரிகளில் இது ஏறத்தாழ முழுமையாகப் பெண்களின் ஆட்டம். அதே வளாகத்தில் ஆண்கள் பேஸ்பால் ஆடுகிறார்கள். ஆகவே ஒப்பிட்டுப் பார்க்க எப்போதும் பக்கத்திலேயே ஒரு மைதானம் உண்டு.

அணிகள் பெருகியதற்குக் காரணம் ஒரு சட்டம். 1972 ஜூனில் நிறைவேறிய கல்வித் திருத்தச் சட்டத்தின் ஒன்பதாம் தலைப்பு, எல்லோரும் ‘டைட்டில் நைன்’ என்றழைப்பது, கூட்டரசின் நிதியுதவி பெறும் கல்வி நிறுவனங்களில் பால் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடை செய்தது. அந்தத் தடை வாக்கியத்தில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது. பின்னர் வந்த விதிகளும் 1979இன் கொள்கை விளக்கமும்தான் அதை மைதானத்துக்குக் கொண்டுவந்தன. கால்பந்து அணிக்கு மட்டும் 85 முழு உதவித்தொகைகள் தரும் பல்கலைக்கழகம், எதிர்த்தட்டில் பெண்களுக்கு இடங்களை உருவாக்க வேண்டியதாயிற்று. இருபது பேரைச் சேர்த்துக்கொள்ளும் சாஃப்ட்பால் அதற்கு வசதியாக இருந்தது. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் 1980களின் தொடக்கத்தில் கைவிட்ட தன் சாஃப்ட்பால் அணியை மாணவிகள் வழக்குத் தொடர்ந்த பிறகு 1997இல் மீண்டும் களமிறக்கியது. அப்பல்கலைக்கழகம் வேண்டுமென்றே பாகுபாடு காட்டியது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000இல் கூறியது. மீண்டும் பிறந்த அணி ஐந்தாவது பருவத்திலேயே, 2001இல், தேசிய இறுதிச் சுற்றை எட்டியது. ஆர்வம் இல்லை, ஆள் இல்லை என்ற வாதத்துக்கு அதைவிடத் தெளிவான மறுமொழி தேவையில்லை.

அணி தோன்றிவிட்டது, செலவுக்கு வழி என்ன?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை ஆளும் அமைப்பான என்.சி.ஏ.ஏ., முதல் பிரிவு சாஃப்ட்பால் அணிக்கு நீண்ட காலம் வைத்திருந்த உச்சவரம்பு 12 உதவித்தொகைகள். அணியிலோ இருபது பேர், சில இடங்களில் இருபத்தைந்து பேர். மகளிர் கூடைப்பந்திலும் கைப்பந்திலும் உதவித்தொகை தலைக்கு ஒன்று, முழுமையாக. சாஃப்ட்பாலில் அப்படியில்லை, பன்னிரண்டைத் துண்டு போட்டுப் பகிரலாம். பந்தெறிபவருக்கு முக்கால் பங்கு, உள்வட்டக்காரிக்குப் பாதி, மாற்றாக அமர்ந்திருப்பவருக்குப் புத்தகச் செலவு, இன்னும் இருவருக்கு ஒன்றுமில்லை. சராசரி போட்டால் ஒருத்திக்கு 60 விழுக்காடு. மீதி நாற்பது பெற்றோரிடமிருந்தோ கல்விக் கடனிலிருந்தோ வருகிறது. பன்னிரண்டு என்பதும் உச்சவரம்புதானே தவிர உரிமை அன்று. அதைக்கூட முழுமையாக நிரப்பப் பணமில்லாத பல்கலைக்கழகங்கள் பல. ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் கொள்கை அளவிலேயே விளையாட்டு உதவித்தொகை தருவதில்லை.

துண்டு போடுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மிச்சிகன் போன்ற பனி நாட்டு அணிகள் அதை நன்கறியும். திறமையான பள்ளி வீராங்கனைகள் பெரும்பாலும் கலிஃபோர்னியா, டெக்சஸ், அரிசோனா, ஃபுளோரிடா என ஆண்டு முழுதும் வெயில் அடிக்கும் மாநிலங்களில் உருவாகிறார்கள். மிச்சிகனில் வெளிமாநில மாணவியின் கல்விக் கட்டணம் உள்மாநில மாணவியுடையதைப்போல மூன்று மடங்குக்குக் குறையாது. என்.சி.ஏ.ஏ. கணக்கில் அரை உதவித்தொகை யாருக்குக் கொடுத்தாலும் அரைதான். பல்கலைக்கழகக் கருவூலத்தில் அது மூன்று மடங்கு. வீட்டிலிருந்து மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து, கட்டணத்தின் மறுபாதியைக் குடும்பம் செலுத்த, ஆடும் பெண்ணைத்தான் தொலைக்காட்சி ‘உதவித்தொகை பெற்ற வீராங்கனை’ என்று அறிமுகப்படுத்துகிறது.

சாஃப்ட்பால் ஏறத்தாழ எங்குமே தன் செலவைத் தானே ஈட்டுவதில்லை. இதைச் சொல்லிப் பெண்கள் அணிகளைச் சுமையாகக் காட்டுவது வழக்கம். ஆனால் செலவுக்கு மேல் வருவாய் காணும் விளையாட்டுத் துறைகளே நாடு முழுவதிலும் ஒரு சிறு கூட்டம்தான். மற்றவற்றில், குறிப்பாகப் பெரிய கூட்டமைப்புகளுக்கு வெளியே, கால்பந்து உட்பட அனைத்தையும் தாங்குவது பல்கலைக்கழகத்தின் பொது நிதியும் மாணவர்களிடம் வசூலிக்கும் கட்டணமும். நட்டம் எல்லோருக்கும் பொதுவாக இருக்க, விளக்கம் மட்டும் பெண்கள் அணியிடம் கேட்கப்படுகிறது.

ஓக்லஹோமாவின் கதையை இங்கே நினைவுகூர வேண்டும். 1990களின் நடுவில் பாட்டி காசோ அங்கே பயிற்சியாளராக வந்தபோது அணிக்குச் சொந்த மைதானம் இல்லை. நகராட்சிப் பூங்கா ஒன்றில் ஆடினார்கள். 1998இல் வளாக மைதானம் கிடைத்தது, 2000இல் முதல் தேசியப் பட்டம். ஏழு பட்டங்கள் வென்ற பிறகு, 2024இல், நெடுஞ்சாலை எரிபொருள் நிலையங்களை நடத்தும் ஒரு நிறுவனத்தின் பெருங்கொடையோடு, நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட அரங்கம் திறக்கப்பட்டது. ஆண்கள் ஆட்டங்களில் அரங்கத்தை முதலில் கட்டிவிட்டு வெற்றிக்குக் காத்திருப்பார்கள். இங்கே வரிசை தலைகீழ்.

இனி ஆட்கள். டைட்டில் நைன் பெண்களுக்கு இடம் கொடுத்தது; பயிற்சியாளர் பணியில் இருந்த பெண்களுக்கு நேர்ந்தது வேறு. 1972இல் மகளிர் அணிகளின் பயிற்சியாளர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பெண்கள். பெரும்பாலும் உடற்கல்வித் துறை ஆசிரியைகள். பயிற்சி என்பது கூடுதல் வேலை, கூடுதல் ஊதியம் இல்லை. சட்டம் வந்து அந்தப் பணிக்குச் சம்பளம் என்று ஒன்று உருவானதும் ஆண்கள் விண்ணப்பிக்கத் தொடங்கினார்கள். இன்று அந்த விகிதம் பத்தில் நான்கைச் சற்றே தாண்டி நிற்கிறது. ஊதியமற்ற வேலை பெண்ணுடையதாகவும், ஊதியம் வந்ததும் அது பொதுவானதாகவும் ஆகிவிடும் இந்த வழக்கம் விளையாட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதை உயர்கல்வியில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சாஃப்ட்பாலில் பெண் பயிற்சியாளர்கள் இன்னும் பெரும்பான்மையாக இருப்பது ஓர் ஆறுதல். ஹட்சின்ஸுக்குப் பின் மிச்சிகனின் பொறுப்பை ஏற்ற பானி தோல், அவரிடமே ஆடி, பிறகு முப்பதாண்டுக்கு நெருக்கமாக அவருக்கு உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். அத்தகைய தொடர்ச்சி வேறு பல ஆட்டங்களில் அறுந்துபோய்விட்டது.

அணியின் பணியாளர் பட்டியலில் நீண்ட காலம் விசித்திரமான ஓரிடம் இருந்தது. தலைமைப் பயிற்சியாளர் ஒருவர், ஊதியம் பெறும் உதவிப் பயிற்சியாளர்கள் இருவர், இவர்களோடு ‘தன்னார்வப் பயிற்சியாளர்’ ஒருவர். கடைசி ஆளுக்குப் பல்கலைக்கழகம் சம்பளம் கொடுக்க விரும்பினாலும் விதி அனுமதிக்காது. வேலையோ முழுநேரம். பந்தெறிபவர்களைத் தயார்ப்படுத்துவார், மட்டையடிப்புப் பயிற்சிக்கு நாள்தோறும் நூற்றுக்கணக்கான பந்துகளை வீசுவார். வயிற்றுப்பாட்டுக்குக் கோடை முகாம்களும் தனிப் பயிற்சி வகுப்புகளும். நம் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளருக்காவது மாத இறுதியில் ஒரு தொகை உண்டு. இவருக்கு கௌரவம் மட்டும். பெரும்பாலும் அப்போதுதான் ஆட்ட வாழ்வை முடித்த இளம்பெண்கள் இந்த இடத்துக்கு வந்தார்கள். குடும்பத்தின் பின்புலம் இல்லாதவர் இரண்டு மூன்றாண்டுகள் சம்பளமின்றித் தாக்குப்பிடிக்க முடியாது. ஆகவே பயிற்சியாளர் தொழிலின் வாசலிலேயே ஒரு வடிகட்டி இருந்தது. 2022இல் பேஸ்பாலின் தன்னார்வப் பயிற்சியாளர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். 2023 ஜூலை முதல் என்.சி.ஏ.ஏ. அந்தப் பிரிவையே நீக்கி மூன்றாவது உதவிப் பயிற்சியாளருக்கும் ஊதியம் தர இசைந்தது. இசைவு என்பது அனுமதிதான். பணம் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தேட வேண்டியது.

படிப்பைப் பற்றிய விதிகள் தாளில் மிகக் கண்டிப்பானவை. பருவ காலத்தில் விளையாட்டுக்கு நாளொன்றுக்கு 4 மணி, வாரத்துக்கு 20 மணி நேரமே செலவிடலாம். ஆனால் ஆட்டம் நடக்கும் நாள் எவ்வளவு நீண்டாலும் 3 மணி நேரமாகவே கணக்கிடப்படும். ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் ஆடினாலும் அதே மூன்றுதான். பயணம் கணக்கிலேயே வராது. என்.சி.ஏ.ஏ. தானே மாணவர்களிடம் நடத்தும் கருத்தாய்வுகளில் முதல் பிரிவு விளையாட்டாளர்கள் சொல்லும் நேரம் வாரத்துக்கு 30 மணியைத் தாண்டுகிறது. சாஃப்ட்பாலில் ஒரு பருவத்துக்கு 56 ஆட்டங்கள் வரை அனுமதி. பருவம் பிப்ரவரியில் தொடங்கும். அப்போது மிச்சிகனின் மைதானம் பனிக்கடியில் கிடக்கும். ஆகவே வடக்கத்திய அணிகள் வாரந்தோறும் வியாழன் மாலை தெற்கே பறந்து, ஞாயிறு இரவு திரும்பி, திங்கள் காலை வகுப்பில் அமர வேண்டும். சொந்த ஊரில் முதல் ஆட்டம் நடப்பதற்குள் பாதிப் பருவத் தேர்வு வந்துவிடும்.

இந்தக் கால அட்டவணையோடு மோதாத பாடத்தைத் தேர்ந்தெடுப்பதே பலருக்குப் படிப்பின் முதல் நிபந்தனையாகிறது. பிற்பகல் ஆய்வகம் வேண்டும் வேதியியல், மருத்துவமனைப் பயிற்சி வேண்டும் செவிலியர் படிப்பு, பள்ளிகளில் முழுநாள் கற்பித்தல் பயிற்சி வேண்டும் ஆசிரியர் படிப்பு ஆகியவற்றை எவரும் தடை செய்வதில்லை. பயிற்சி நேரம் தடை செய்துவிடுகிறது. இதற்கு மேல் 40-60-80 என்ற விதி: இரண்டாம் ஆண்டு முடிவில் பட்டப்படிப்பின் 40 விழுக்காடும், மூன்றாம் ஆண்டில் 60ம், நான்காம் ஆண்டில் 80ம் முடித்திருக்க வேண்டும். பட்டம் பெறாமல் வெளியேறுவதைத் தடுக்க வந்த நல்ல விதிதான். ஆனால் இரண்டாம் ஆண்டில் ஒரு மாணவிக்கு வேறொரு துறையில் உண்மையான நாட்டம் பிறந்தால், அதுவரை படித்தவை புதிய பட்டத்தின் கணக்கில் சேராமல் அவள் ஆடும் தகுதியை இழக்கலாம். பல்கலைக்கழகம் என்பதே மனம் மாறுவதற்கான இடம் என்று நம்புகிறவர்களுக்கு இது நெருடலாக இருக்கும்.

அணிகளுக்கும் மதிப்பெண் உண்டு. உதவித்தொகை பெறும் ஒவ்வொருவருக்கும் ஒரு பருவத்துக்கு இரண்டு புள்ளிகள்: படிப்பில் தகுதியோடு இருப்பதற்கு ஒன்று, பல்கலைக்கழகத்தில் தொடர்வதற்கு ஒன்று. நான்காண்டுச் சராசரி ஆயிரத்துக்கு 930க்குக் கீழே போனால் தண்டனை. இருபது பேர் கொண்ட அணிக்கு ஆண்டுக்கு 80 புள்ளிகள். அவற்றில் ஐந்து போனால் 937, ஆறு போனால் 925. சிறிய அணியில் ஓரிரு மாணவிகளின் மோசமான ஓராண்டு எல்லாவற்றையும் அசைத்துவிடும். பணக்காரத் துறைகள் இதற்கெனவே கல்வி ஆலோசகர்களையும் தனிப் பயிற்றுநர்களையும் அமர்த்தி, பயணத்திலும் கூடவே அனுப்புகின்றன. பணமில்லாத இடங்களில் உதவிப் பயிற்சியாளரே ஓய்வறை மேசையில் படிப்பு மேற்பார்வையாளராகவும் அமர்ந்திருப்பார். சாஃப்ட்பால் வீராங்கனைகள் இவ்வளவுக்கும் நடுவே பொதுவாக நன்றாகவே படித்து முடிக்கிறார்கள். காரணம் எளிது. கல்லூரிக்குப் பின் இந்த ஆட்டத்தில் வாழ்க்கை நடத்துமளவு ஊதியம் அண்மைக் காலம் வரை இல்லை. ஒலிம்பிக்கிலும் 2008க்குப் பிறகு நீக்கப்பட்டு, டோக்கியோவில் ஒருமுறை தலைகாட்டி, பாரிஸில் மறைந்து, 2028இல் லாஸ் ஏஞ்சலஸில் திரும்பவிருக்கிறது. அவர்களுக்கு உறுதியாகக் கிடைக்கும் ஊதியம் பட்டம்தான். அந்தப் பட்டத்தின் தரத்தைப் பயண அட்டவணை அரிக்கும்போது அரிக்கப்படுவது அவர்களது ஊதியமே.

2021இல் மகளிர் கூடைப்பந்துப் போட்டியின் பரிதாபமான உடற்பயிற்சி வசதியை ஒரு வீராங்கனை காணொளியாக வெளியிட்டதும், என்.சி.ஏ.ஏ. வெளியார் குழுவொன்றை அமர்த்திப் பால் சமத்துவ ஆய்வு நடத்த வேண்டிவந்தது. அப்போது சாஃப்ட்பாலின் நிலையும் வெளிச்சத்துக்கு வந்தது. ஓக்லஹோமா நகரில் நடக்கும் இறுதிச் சுற்றில் போதிய ஓய்வு நாட்கள் இல்லை. மழையால் தள்ளிப்போன ஆட்டங்கள் நள்ளிரவைத் தாண்டி முடிந்தன. அரங்கத்தில் வீராங்கனைகள் குளிக்கவும் வசதி இல்லை. அதே ஆண்டு அந்த இறுதிச் சுற்றைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களின் சராசரி, ஆண்கள் பேஸ்பால் இறுதிச் சுற்றுக்குக் கிடைத்ததைவிட அதிகம். அடுத்த ஆண்டே ஓய்வு நாட்கள் சேர்க்கப்பட்டன. ஒளிபரப்பு உரிமை மட்டும் இன்றும் பல ஆட்டங்களோடு சேர்த்து ஒரே மூட்டையாக விற்கப்படுகிறது. 2024இல் தொடங்கிய எட்டாண்டு ஒப்பந்தம் 92 கோடி டாலர், 40 பட்டப் போட்டிகளுக்கு. அதில் சாஃப்ட்பாலின் விலை எவ்வளவு என்று தனியே ஏலம் விட்டுப் பார்க்காதவரை, அது வருவாய் ஈட்டாத ஆட்டம் என்ற வாக்கியத்தைத் துணிந்து சொல்லிக்கொண்டே இருக்கலாம்.

இப்போது எல்லாம் மாறிக்கொண்டிருக்கிறது. 2021 முதல் வீராங்கனைகள் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு பணம் ஈட்டலாம். டெக்சஸ் டெக் அணிக்கு மாறிய பந்தெறிபவர் நைஜாரி கானடி பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தம் பெற்றார். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒரு சமரசத்தின்படி பல்கலைக்கழகங்கள் முதல் ஆண்டில் ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை விளையாட்டாளர்களுக்கு நேரடியாகப் பகிரலாம். பழைய 12 உதவித்தொகை வரம்பு ஒழிந்து, 25 பேர் என்ற அணி வரம்பு வந்திருக்கிறது. இருபத்தைந்து பேருக்கும் முழு உதவித்தொகை தர இனித் தடையில்லை. பகிரப்படும் தொகையின் பெரும்பங்கு கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் செல்லும் என்பதை எவரும் மறைக்கவில்லை. கடந்த கால இழப்பீட்டில் பத்தில் ஒன்பது பங்கு அவ்விரு ஆட்டங்களுக்கே ஒதுக்கப்பட்டதால், அது டைட்டில் நைனுக்கு முரணானது என்று சில வீராங்கனைகள் மேல்முறையீடு செய்தனர்.

இதற்கிடையே கால்பந்து ஒளிபரப்பு வருவாய்க்காகக் கூட்டமைப்புகள் கலைந்து சேர்ந்தன. லாஸ் ஏஞ்சலஸின் யு.சி.எல்.ஏ. 2024 முதல் மிச்சிகன் இருக்கும் பிக் டென் கூட்டமைப்பில் இருக்கிறது. அதே கூட்டமைப்பில் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸும் உண்டு. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ நாலாயிரம் கிலோமீட்டர், மூன்று மணி நேரக் கடிகார வித்தியாசம். கால்பந்து அணி பருவத்துக்குச் சில முறை, வாரக் கடைசியில், அத்தகைய பயணத்தை மேற்கொள்ளும். சாஃப்ட்பால் அணி ஐம்பத்தாறு ஆட்டங்களின் நடுவே மேற்கொள்ள வேண்டும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் 1994ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி ஒவ்வோர் அணியின் ஆள் எண்ணிக்கையையும் செலவையும் பயிற்சியாளர் விவரங்களையும் ஆண்டுதோறும் வெளியிட்டாக வேண்டும். எவரும் இலவசமாகத் தரவிறக்கிப் பார்க்கலாம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டு நிதியைப் பற்றி ஆய்வு செய்பவர்கள் ஏக்கத்தோடு பார்க்கக்கூடிய தரவு அது. புதிய விதிகளின் முதல் ஆண்டுக் கணக்கு அதில் வரும்போது, மூன்றாவது உதவிப் பயிற்சியாளர் எத்தனை இடங்களில் உண்மையாகவே அமர்த்தப்பட்டார், மகளிர் அணிகளுக்கான உதவித்தொகைச் செலவு உயர்ந்ததா என்று ஓரளவு கணிக்க முடியும். மாணவிகள் விமானத்திலும் பேருந்திலும் கழித்த மணிநேரங்களுக்கு அந்தப் படிவத்தில் இடம் ஒதுக்கப்படவில்லை. அதற்கு யாராவது அணிகளின் பயண அட்டவணைகளைத் தனித்தனியே சேகரித்து உட்கார வேண்டும்.